எண்ணித் திருப்பிக் கொடுக்கப்பட்ட கிண்ணங்கள்



வேதாகமத்தை ஆண்டுதோறும் முறையாக வாசித்து முடிக்கிறவர்கள்கூட எஸ்றாவின் புத்தகத்தில் முதல் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களை விரைந்து கடந்துவிடுவதுண்டு. அங்கே வாக்குத்தத்தம் இல்லை, ஜெபம் இல்லை, அற்புதமும் இல்லை. இருப்பது ஒரு பட்டியல். பொன்னால் செய்த தட்டுகள் 30, வெள்ளியால் செய்தவை 1000, கத்திகள் 29. பொற்கிண்ணங்கள் 30, வெள்ளிக் கிண்ணங்கள் 410, மற்றப் பணிமுட்டுகள் 1000. மொத்தம் 5400 என்று கணக்கு முடிகிறது. (கூட்டிப் பார்க்கிறவர்களுக்கு 2499தான் வரும். இதற்கு வேத பண்டிதர்கள் பலவிதமாக விளக்கம் சொல்லியிருக்கிறார்கள்; அது வேறொரு வாரத்துக்கு.)

இவை எருசலேம் தேவாலயத்துப் பாத்திரங்கள். நேபுகாத்நேச்சார் இவற்றை எடுத்துச் சென்று பாபிலோனில் தன் தேவனுடைய கோவிலில் வைத்திருந்தான். அவனுக்குப் பின் இரண்டு ராஜாக்கள் இதே பாத்திரங்களைக் கையாண்டதை வேதம் நமக்குக் காட்டுகிறது. பெல்ஷாத்சார் விருந்து மண்டபத்துக்கு அவற்றை வரவழைத்துப் பிரபுக்களோடு திராட்சரசம் குடித்தான். தானியேல் 5ஆம் அதிகாரத்தில் சுவரில் எழுதின கை அந்த விருந்தின் நடுவேதான் தோன்றியது. பெர்சியாவின் ராஜாவாகிய கோரேஸோ அவற்றை வெளியே எடுத்து, மித்திரேதாத் என்னும் பொக்கிஷக்காரன் கையினால் எண்ணி, யூதாவின் அதிபதியாகிய சேஸ்பாத்சாரிடம் ஒப்புவித்தான். கோரேஸ் அவற்றைத் திருடியவன் அல்லன். ஜெயித்த ராஜ்யத்தின் பொக்கிஷத்தோடு அவன் கைக்கு வந்து சேர்ந்தவை அவை. ஆயினும் இன்னாருடையவை என்று அறிந்தபோது எண்ணிக் கொடுத்தான். இந்த வாரம் நாம் தியானிக்கப் போகும் காரியத்துக்கு இந்தப் பட்டியலே வாசல்.

பழைய வெள்ளிப் பாத்திரங்களையும் கைவேலைப்பாடுள்ள கலைப்பொருட்களையும் தேடிச் சேகரிக்கிறவர்களைக் குறித்து இன்று எழுத விரும்புகிறேன். இப்படிச் சொன்னவுடன் நீங்கள் மத்தேயு 6ஆம் அதிகாரத்தைத் திருப்பியிருப்பீர்கள். பூமியில் பொக்கிஷம் சேர்க்கலாகாது, பூச்சியும் துருவும் கெடுக்கும் என்று ஒரு பிரசங்கம் உடனே மனதில் எழும். அந்தப் பிரசங்கம் சத்தியமானதே. ஆனால் கலைப்பொருள் சேகரிப்பவர் விஷயத்தில் அது மிகச் சுலபமாக முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து. அலமாரியில் நான்கு வெள்ளிக் கிண்ணங்கள் வைத்திருப்பவரை வீண்பெருமைக்காரர் என்று தீர்த்துவிட்டால், அவரிடம் கேட்கவேண்டிய கடினமான கேள்வியைக் கேட்காமலே நாம் வீடு திரும்பிவிடுகிறோம்.

முதலாவது, சேகரிப்பவருக்கு உரிய கனத்தைக் கொடுப்போம். நகைக் கடைக்குப் போய் வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கியவர்களுக்குத் தெரியும்: வாங்கும்போது செய்கூலி உண்டு, சேதாரம் உண்டு. அதே விளக்கை நெருக்கடியில் விற்கக் கொண்டுபோனால் தராசு ஒன்றுதான் பேசும். எத்தனை நாள் உட்கார்ந்து ஒருவன் அதில் பூவும் கொடியும் செதுக்கினான் என்பதற்கு ஒரு ரூபாயும் கிடையாது. உருக்கும் மூசைக்குள் நுழைந்தால் எல்லாம் ஒன்றே. வெள்ளிக்கு நேர்ந்த பெரிய சோதனையே இதுதான். ஓவியத்தைக் கிழித்தால் துணிக்கு விலை இல்லை. வெள்ளிப் பாத்திரத்தை அழித்தால் உலோகத்துக்கு விலை உண்டு. ஆகவே யுத்தம் வந்த போதெல்லாம், பஞ்சம் வந்த போதெல்லாம், வேலைப்பாடுகள் உருகி நாணயங்களாயின. பழைய கிண்ணம் ஒன்று இன்று நம் கண்முன் இருக்கிறதென்றால், இடையில் யாரோ ஒருவர் தராசு சொன்ன விலைக்கு மேல், மாண்டுபோன ஒரு தட்டானுடைய கைக்காகவும் விலை கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். நூறு ஆண்டு கழித்தாகிலும் செய்கூலியை மதிக்கிறவர் சேகரிப்பவர் ஒருவரே.

இது சிறிய புண்ணியமன்று. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று பேர் சொல்லிக் குறிக்கப்படுகிறவன் தீர்க்கதரிசியல்ல, ராஜாவுமல்ல. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யும் பெசலெயேல். கைவேலையை நேசிக்கிறவர் தேவன் நேசித்த ஒன்றையே நேசிக்கிறார்.

அந்த நேசத்தோடு ஒரு படிப்பும் சேர்ந்து வருகிறது. இங்கிலாந்து தேசத்து வெள்ளிப் பாத்திரத்தின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். எறும்பு ஊர்ந்தாற்போல் சில முத்திரைகள் வரிசையாக இருக்கும். நடந்துபோகும் சிங்கம், ஆயிரத்துக்கு 925 பங்கு தூய வெள்ளி என்பதற்கு அடையாளம். சிறுத்தைத் தலை, லண்டனில் சோதிக்கப்பட்டதற்கு. ஓர் எழுத்து, சோதிக்கப்பட்ட ஆண்டுக்கு. இன்னும் ஒரு முத்திரை, செய்தவனுடைய பெயருக்கு. சிறுத்தைத் தலை முத்திரை 1300ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு ராஜாவின் சட்டத்தால் வந்தது. நாம் நகைக் கடையில் சாதாரணமாகச் சொல்லும் ‘ஹால்மார்க்’ என்ற சொல், பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்தில் இட்ட முத்திரை என்பதிலிருந்து பிறந்தது.

அந்த முத்திரைகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு கிண்ணம் சரித்திரமாகிவிடுகிறது. உதாரணமாக, சேகரிப்பவர்கள் மிகவும் தேடும் பெயர்களில் ஒன்று பால் டி லாமேரி. 1685ல் பிரான்சின் பதினான்காம் லூயி புராட்டஸ்டன்டு விசுவாசிகளுக்கு இருந்த உரிமையை ரத்து செய்தபோது, தேசத்தைவிட்டு ஓடினவர்களின் மரபைச் சேர்ந்தவர்கள் அவருடைய பெற்றோர். 1688ல் நெதர்லாந்தில் பிறந்து, கைக்குழந்தையாக லண்டனுக்கு வந்து, அங்கேயே தொழில் கற்று, 1751ல் மரிக்கும்வரை பிரபுக்களின் மேசைகளுக்கு வெள்ளி வேலை செய்தார். விசுவாசத்தின் நிமித்தம் துரத்தப்பட்ட ஜனத்தின் கைகள் துரத்தப்பட்ட இடத்தில் என்ன செய்தன என்பதற்கு அந்தப் பாத்திரங்கள் சாட்சி. (அவரைப் பரிசுத்தவானாக்கவும் வேண்டாம். முத்திரை இடாத வெள்ளியை விற்றதற்காகச் சங்கத்துக்கு அபராதம் கட்டியவர்.)

ஆனால் வாசகரே, அந்த முத்திரைகளில் ஒன்று குறைகிறது. தரம் இருக்கிறது, ஊர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, செய்தவன் பெயர் இருக்கிறது. யாருடைய வீட்டு மேசையில் இருந்தது, அந்த வீட்டைவிட்டு எப்படி வெளியேறியது என்பதற்கு முத்திரை இல்லை. சில சமயம் வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்தோ குலச்சின்னமோ பக்கவாட்டில் வெட்டப்பட்டிருக்கும். அதையும் பின்னால் வந்தவர்கள் சுரண்டிவிடுவதுண்டு. அனுபவமுள்ளவர்கள் வெள்ளியின்மேல் வாயால் ஊதிப் பார்ப்பார்கள். மூச்சின் ஈரம் படிகிற கணத்தில், தேய்த்து அழித்த எழுத்தின் தடம் மங்கலாக எழுந்து மறையும். பெரும்பாலும் இந்தச் சோதனை விலை பேசுவதற்காகத்தான் செய்யப்படுகிறது; பெயர் அழிக்கப்பட்டிருந்தால் மதிப்புக் குறைவு. அங்கே இருந்தது யாருடைய பெயர் என்று கேட்பவர் குறைவு.

இந்தக் கேள்வி எவ்வளவு பாரமானது என்பதை 1939ஆம் ஆண்டு ஜெர்மனி நமக்குக் காட்டுகிறது. அவ்வாண்டு பிப்ரவரியில் நாஜி அரசு ஒரு கட்டளை பிறப்பித்தது: யூதர்கள் தங்களிடமுள்ள பொன், வெள்ளி, இரத்தினக் கற்கள் அனைத்தையும் அரசு நடத்திய அடகுக் கடைகளில் ஒப்படைக்கவேண்டும். திருமண மோதிரமும், ஆளுக்குச் சில கரண்டி முள்கரண்டிகளும் வைத்துக்கொள்ளலாம். மற்றவை எல்லாம் போகவேண்டும்: ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலையில் ஆசீர்வாதம் சொல்லிக் குடும்பமாகப் பருகும் சிறு கிண்ணம், அதே மேசையின் விளக்குத் தண்டுகள், பாட்டியின் சர்க்கரைப் பேழை. அடகுக் கடை என்பது பெயர்தான், மீட்க வழியில்லை. உலோகத்தின் மதிப்பில் ஒரு சிறு பங்கைக் கொடுத்து, இரசீது எழுதி, பாத்திரத்தின் அடியில் ஓர் எண் ஒட்டினார்கள். பெரும்பாகம் உருக்கப்பட்டது. வேலைப்பாடு மிகுந்தவற்றை அருங்காட்சியகங்கள் வாங்கிக்கொண்டன. மியூனிக் நகரிலுள்ள பவேரிய தேசிய அருங்காட்சியகம் மட்டும் அப்படி முந்நூறுக்கு மேற்பட்ட பொருட்களைச் சேர்த்தது.

இங்கே நிதானமாக நில்லுங்கள். அருங்காட்சியகம் அவற்றை வாங்கியதனால்தான் அவை உருகாமல் தப்பின. செய்கூலியை மதித்த அதே கண்தான் அங்கும் வேலை செய்தது. கிண்ணத்தின் அழகைக் கண்ட அந்தக் கண், அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே போனவரைக் காணவில்லை. அவர்களில் பலர் பின்னர் மரண முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அழகை நேசிப்பது நல்லது என்று மேலே எழுதினேன். அதை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் அந்த நேசம் தன்னில்தானே ஒருவனை நீதிமானாக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

யுத்தத்துக்குப் பின் ஒரு பகுதி திரும்பக் கொடுக்கப்பட்டது. நூற்றுக்குச் சற்று மேற்பட்டவை பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கின. இப்போது அந்த அருங்காட்சியகத்தின் காப்பாளராகிய மத்தியாஸ் வேனிகர் அவற்றுக்குரிய குடும்பங்களைத் தேடுகிறார். அவருக்கு உதவியது எது தெரியுமா? பாத்திரங்களின் அடியில் ஒட்டிய அந்த எண் சீட்டுகள். மஞ்சளாகிப்போன தாளில் இருந்த எண்ணை 1939ஆம் ஆண்டுப் பதிவேடுகளோடு ஒப்பிட்டால் கொண்டுவந்தவரின் பெயர் கிடைக்கிறது. பெயரிலிருந்து ஊர், ஊரிலிருந்து பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கொள்ளையிட்டவர்கள் ஒழுங்காகக் கணக்கு எழுதியிருந்தார்கள். கிடைத்த குடும்பங்களில் சிலருக்குத் தபாலில் அனுப்பாமல், அமெரிக்காவுக்கும் இஸ்ரவேலுக்கும் தாமே பயணம்செய்து கையில் கொடுத்திருக்கிறார். 2023க்குள் ஏறக்குறைய ஐம்பது பொருட்கள் திரும்பின. சந்தை விலையில் பார்த்தால் அவற்றில் பல பெரிய தொகைக்குப் போகாத சிறு கிண்ணங்கள். பாட்டனார் பாட்டியாரின் புகைப்படம்கூட மிஞ்சாத வீட்டில், அவர்கள் கைபட்ட ஒரே பொருளாக அந்தக் கிண்ணம் வந்து சேர்ந்தால் அதற்கு எந்தத் தராசில் எடை போடுவது?

சேகரிப்பவர் நல்லவராயிருந்தாலும் இந்தக் கேள்வி அவரை விட்டுவிடாது. ஆர்தர் கில்பர்ட் என்பவர் 1913ல் லண்டனில், போலந்திலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தார். பெண்களுக்கான விருந்து உடைகள் தைத்து விற்றுப் பொருளீட்டி, 1949ல் கலிபோர்னியாவுக்குச் சென்று நிலபுலத் தொழிலில் பெருஞ்செல்வரானார். வெள்ளிப் பாத்திரங்களும், பொன்னால் செய்த மூக்குப்பொடிப் பெட்டிகளும், நுண்கற்களால் பதித்த சித்திரங்களும் அவரை ஆட்கொண்டன. மேலே சொன்ன டி லாமேரியின் கைவேலையும் அவரிடம் இருந்தது. 1996ல் அத்தனையையும் தாம் பிறந்த தேசத்துக்குக் கொடுத்தார். இன்று அவை லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2001ல் அவர் மரித்தார். பிறகு அந்த அருங்காட்சியகம், ஒவ்வொரு பொருளும் வந்த வழியை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வாளரை நியமித்தது. சில பொருட்கள், நாஜிகளால் துரத்தப்பட்ட யூதக் குடும்பங்களுக்கு உரியவையாயிருந்தன என்று தெரியவந்தது. 2019ல் அந்தக் கதைகளை மறைக்காமல் காட்சியாகவே வைத்தார்கள். தம் சொந்த ஜனத்தாரின் கண்ணீர் படிந்த பொருளைத் தாமே அறியாமல் விலை கொடுத்து வாங்கி, ஆசையோடு துடைத்து அடுக்கியிருந்தார் அந்த மனிதர். அதே சேகரிப்பிலிருந்த, நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான பொற்கெண்டி ஒன்று 2021ல் துருக்கி தேசத்துக்குத் திரும்பிச் சென்றது.

“நான் நல்ல மனதோடு விலை கொடுத்து வாங்கினேன், என்மேல் குற்றமென்ன?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகானோடு அவரை ஒப்பிடுவது தவறு. யோசுவா 7ஆம் அதிகாரத்து ஆகான் கண்டான், இச்சித்தான், எடுத்தான், கூடாரத்தில் புதைத்தான். அவன் எடுத்ததில் முதலில் சொல்லப்படுவது வெள்ளியுமல்ல பொன்னுமல்ல, பாபிலோனிலிருந்து வந்த ஒரு நேர்த்தியான ஆடை என்பதைக் கலைப்பிரியர்கள் கவனிப்பது நல்லது. அறியாமல் வாங்கினவர் ஆகான் அல்லர். ஆனால் அறிந்தபின்? தெரியவந்த நாளிலிருந்து அந்தப் பொருள் அலமாரியிலேயே இருக்குமானால், அது புதைக்கப்பட்டிருப்பதற்கும் அலமாரியில் ஒளிர்வதற்கும் என்ன வேறுபாடு என்று எனக்கு விளங்கவில்லை. சட்டம் பல தேசங்களில் காலக்கெடு வைத்து, இத்தனை ஆண்டு கடந்தால் வழக்கில்லை என்கிறது. சகேயுவிடம் எவரும் வழக்குப் போடவில்லை. நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பேன் என்று தானே எழுந்து நின்றான்.

இன்னொரு மறுப்பும் கேட்கப்படுகிறது: திரும்பப் பெற்ற வாரிசு அதை மறுநாளே ஏலத்தில் விற்றுவிட்டால்? விற்கட்டும். அவர்களுடையது. நன்றாகப் பாதுகாப்பார்களா என்று சோதித்துப் பார்த்துக் கொடுப்பதற்கு, அது நம் தானமல்ல.

நம் நாட்டுக் காரியம் ஒன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தத் தியானம் கோழைத்தனமாகும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவிலிலிருந்து களவுபோன சோழர் கால நடராஜர் வெண்கலச் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ல் ஏறக்குறைய 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. வந்த வழியைக் காட்டும் தாள்கள் இருந்தன. அவை பொய்த் தாள்கள். 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. விக்கிரகம்தானே, நமக்கென்ன என்று திருச்சபையார் சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ரோமர் 2:22ஐ அவர்கள் மறுபடி வாசிக்கவேண்டும். விக்கிரகத்தை அருவருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கோவில் பொருளைக் களவாடுகிறவனை நோக்கி அங்கே அப்போஸ்தலன் கேள்வி எழுப்புகிறார். எபேசு பட்டணத்திலும் தெமேத்திரியு என்னும் தட்டான் கலகம் எழுப்பினபோது, பவுலின் கூட்டத்தார் கோவிற்கொள்ளைக்காரரல்லர் என்று அந்நகரத்து அதிகாரியே சாட்சி சொன்னான். அர்த்தெமியாளின் வெள்ளிக் கோவில்களைப் பவுல் வணங்கவில்லை; எடுத்துக்கொள்ளவுமில்லை. எட்டாம் கற்பனை, களவு கொடுத்தவன் எந்த மதத்தான் என்று விசாரிப்பதில்லை.

இவையெல்லாம் அருங்காட்சியகத்தாரும் செல்வரும் பார்த்துக்கொள்ள வேண்டியவை என்று எண்ணாதிருங்கள். நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் உண்டு. பித்தளைக் குடத்திலும், வெள்ளிக் கிண்ணத்திலும், கல்யாணத்துக்குக் கொடுத்த தட்டிலும் புள்ளி புள்ளியாக முதலெழுத்தும் பெயரும் தேதியும் இருக்கும். பழைய வீடுகளின் பரணில் நம் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்றிரண்டாவது கிடப்பதுண்டு. சில, முறையாக விலைக்கு வாங்கியவை. சில, வெள்ளத்திலோ பஞ்சத்திலோ தவித்த அயலார் ஒரு மூட்டை நெல்லுக்காக அடகு வைத்து, வட்டி ஏறி, மூழ்கிப்போனவை. தரித்திரனுடைய அடகைப் பொழுது சாயுமுன் திரும்பக் கொடுக்கும்படி உபாகமம் 24ல் கட்டளை இருக்கிறது. அது ஆடையைக் குறித்தது என்று தப்பிக்கப் பார்க்கவேண்டாம்.

இந்த வாரத்தில் அப்படி ஒரு பாத்திரம் உங்கள் வீட்டில் உண்டா என்று பாருங்கள். உண்டானால், அந்தப் பெயருக்குரியவர் யார், எந்தத் தெருவில் இருந்தார், பாத்திரம் எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதிப் பாத்திரத்துக்குள்ளேயே வையுங்கள். அந்தக் குடும்பத்தார் இன்னும் ஊரில் இருக்கிறார்களானால், போய்ப் பேசுவதற்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைவரை காத்திருக்கத் தேவையில்லை.